வந்ததுக்குக் காசு

பதினான்காம் கேள்வியை நான்தான் எழுதினேன்,
ஒரு ஞாயிற்றுக்கிழமை, ரசம் நுரைகட்டும் நேரத்தில்.
"அறுவடை மிஷினுக்கு மணிக்கு
இரண்டாயிரத்து நானூறு ரூபாய் வாடகை.
நேரமும் தொகையும் நேர்விகிதத்தில் உள்ளனவா?
காரணம் கூறுக." இரண்டு மதிப்பெண்.

விடை: ஆம்.
நேரம் இரட்டித்தால் தொகையும் இரட்டிக்கும்.
வகுத்துப் பார்த்தால் எப்போதும் அதே மாறிலி.
வரைந்தால் நேர்கோடு, ஆதிப்புள்ளி வழியே.

முப்பது தாளில் ஆம்.
ஒன்றில் ஆம் என்பதன்மேல் கொசு செத்திருந்தது.
ரிஸ்வான் மட்டும், எல்லாக் கேள்விக்கும் போல,
"எதிர்விகிதம்" என்று எழுதியிருந்தான்.
என்றாவது ஒருநாள் அவனுக்கும் பொருந்தி வரும்.

கட்டின் அடியில் தையல்நாயகி.
"இல்லை டீச்சர்" என்று தொடங்குகிறாள்.
விடைத்தாளுக்குள்ளிருந்து
இதுவரை என்னை யாரும் கூப்பிட்டதில்லை.

"செயின் மிஷின் மன்னார்குடியிலிருந்து லாரியில் வரும்.
இறங்கினாலே ஆயிரத்து இருநூறு.
அதற்குப் பெயர் வந்ததுக்குக் காசு.
எங்கள் வயல் ஒரு மணி நேரம். மூவாயிரத்து அறுநூறு.
சித்தப்பா வயல் இரண்டு மணி நேரம். ஆறாயிரம்.
இரட்டிக்கவில்லை.
போன தை மாதம் மிஷின் இறங்கியதும் மழை பிடித்துக்கொண்டது.
அறுக்கவே இல்லை. பூஜ்ஜியம் மணி.
அப்பா ஆயிரத்து இருநூறு கொடுத்தார்."

கீழே ஸ்கேல் வைத்து ஒரு கோடு.
நேர்கோடுதான்.
ஆனால் மூலையைத் தொடாமல்
விரல்கடை உயரத்திலிருந்து கிளம்புகிறது.
கிளம்பும் இடத்தில் பென்சிலை அழுத்தியிருக்கிறாள்.
தாளைத் திருப்பித் தடவினால் புடைப்பு.

கேள்வியில் லாரி இல்லை. மழை இல்லை.
கொடுத்ததற்குள் நின்று எழுத வேண்டும்,
பயிற்சி முகாமில் எங்களுக்குச் சொன்னது அதுதான்.
நேர்கோடெல்லாம் நேர்விகிதம் அல்ல என்று
பலகையில் எழுதி இரண்டுமுறை அடிக்கோடிட்டதும் நான்தான்.
எடுத்துக்காட்டுக்கு ஆட்டோ மீட்டரைச் சொன்னேன்,
ஆட்டோவே வராத ஊரில்.

பஸ் கோரையாற்றுப் பாலத்தில் ஏறுகிறது.
மேட்டூர் திறந்து இருபது நாள்.
தண்ணீர் எங்கோ வந்துகொண்டிருப்பதாகத்தான் பேச்சு.
முதலில் மணல் குடிக்கும்.
பிறகு வெடிப்புகள், பிறகு கோரைக்கிழங்கு,
பிறகு மடையடியில் எலிவளை.
எத்தனை கன அடி விட்டாலும்
கடைமடைக்கு எட்டுவது
இவை குடித்தது போக மிச்சம்.
ஆறும் வாங்கிக்கொள்கிறது வந்ததுக்குக் காசு.
இந்தக் கோட்டை வரைந்தால்
பூஜ்ஜியத்துக்கும் கீழே, மண்ணுக்குள்ளிருந்து கிளம்பும்.
புத்தகத்தில் அந்தப் பக்கத்துக்குக் கட்டமே போடவில்லை.

கண்டக்டர் கையில் சீட்டைத் திணித்துப் போகிறார்.
மகளிர் கட்டணமில்லாப் பயணம்.
ஒரு நிறுத்தம் போனாலும் பூஜ்ஜியம்,
இடும்பாவனத்திலிருந்து வந்தாலும் பூஜ்ஜியம்.
இந்தக் கோடு ஆதிப்புள்ளி வழியாகத்தான் போகிறது,
எழுந்திருக்காமல், அச்சோடு அச்சாகப் படுத்தபடி.
இதை நேர்விகிதம் என்று ஒப்புக்கொள்வார்களா,
யாரைக் கேட்பது?
தையல்நாயகியைத்தான் கேட்க வேண்டும்.

அவளுக்கு இரண்டு போட்டேன்.
ஆம் என்ற முப்பது பேருக்கும் இரண்டு;
நான் எழுதிய ஊரில் அவர்கள் எழுதியது சரி.
ரிஸ்வானின் தாளை
மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தேன்.

பிறகு சீட்டின் பின்பக்கத்தில்
பதினான்காம் கேள்வியைப் பொடி எழுத்தில் மறுபடி எழுதினேன்.
மிஷின், மணி, லாரி, ஆயிரத்து இருநூறு.
மழையையும் சேர்ப்பதா, சேர்த்தால் எத்தனை மதிப்பெண்
என்று பேனா நின்ற இடத்தில்
என் நிறுத்தம் வந்துவிட்டது.